அலைவரிசையும் அதன் புரவலர்களும்

ஜார்ஜியத் தலைநகரான திபிலீசிக்கு மேலே உயர்ந்து நிற்கும் மதாட்ஸ்மிண்டா மலையின் சரிவில், இலியா சவ்சவாட்ஸே, அகாகி த்ஸெரெடெலி முதலிய பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் அடக்கம் செய்யப்பட்ட நினைவிடம் இருக்கிறது. அதற்கு மேலே, உச்சியில், 1972இல் கட்டி முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 274 மீட்டர் உயரமுள்ள தொலைக்காட்சிக் கோபுரம் இருக்கிறது. நகரத்தின் எந்தத் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலும் கண்ணில் படுவது கோபுரமே ஒழிய நினைவிடம் அன்று. ஒரு சிறிய மொழியின் பொதுவாழ்வு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுப் பக்கத்திலிருந்து திரைக்கு இடம்பெயர்ந்ததை இந்த இரண்டும் அருகருகே நின்று காட்டுகின்றன எனலாம். ஆனால் அந்த இடப்பெயர்வுக்கு ஆன செலவை யார் ஏற்றார்கள், ஏற்றவர்கள் பதிலுக்கு எதைக் கேட்டார்கள் என்பது வேறொரு கதை.

ஜார்ஜிய மொழி கார்த்வேலியம் எனப்படும் சிறு குடும்பத்தைச் சேர்ந்தது. வடக்கே ரஷ்யம், தெற்கே ஆர்மேனியம், தென்மேற்கே துருக்கியம், தென்கிழக்கே அஸர்பைஜானியம் என அண்டை மொழிகள் எதனோடும் அதற்கு இரத்த உறவு கிடையாது. 33 எழுத்துகள் கொண்ட அதன் வரிவடிவமும் வேறு எந்த நாட்டிலும் வழங்குவதில்லை. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 37 இலட்சம். இத்தகைய மொழியில் எடுக்கப்படும் ஒரு தொடரையோ செய்தி நிகழ்ச்சியையோ எல்லைக்கு அப்பால் விற்க முடியாது, உள்நாட்டு விளம்பரச் சந்தையோ ஒன்றிரண்டு அலைவரிசைகளுக்கு மேல் தாங்காது. ஆனால் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு வேண்டிய ஒளிப்பதிவுக் கருவிகளும் அரங்குகளும் செய்தியாளர்களும் மொழி சிறியது என்பதற்காக மலிவாகக் கிடைப்பதில்லை. எனவே வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தை நிரப்ப ஒரு புரவலர் தேவைப்படுகிறார். அவர் பேரரசாக இருக்கலாம், அரசாக இருக்கலாம், வெளிநாட்டு நன்கொடை அமைப்பாக இருக்கலாம், பெருஞ்செல்வராகவும் இருக்கலாம். ஜார்ஜியத் தொலைக்காட்சியில் பொது அலைவரிசை, தனியார் அலைவரிசை என்று சட்டம் வகுத்திருக்கும் பிரிவு உண்மைதான் என்றாலும், அதைக் கொண்டு அந்தத் திரையில் நடந்தவற்றில் பாதியைக்கூட விளக்க முடியாது. புரவலர்கள் மாறிய வரிசையைக் கொண்டு பெரும்பகுதியை விளக்கிவிடலாம்.

முதல் புரவலர் மாஸ்கோ. 1956 டிசம்பர் 30 அன்று திபிலீசியில் ஒளிபரப்பு தொடங்கியபோது, சோவியத் ஒன்றியம் முழுமைக்குமான ரஷ்ய மொழி அலைவரிசை ஒருபுறமும், குடியரசுக்குரிய ஜார்ஜிய மொழி ஒளிபரப்பு மறுபுறமுமாக ஓர் அடுக்குமுறை உருவாயிற்று. உலக அரசியலும் விண்வெளிப் பயணமும் கட்சி மாநாடும் முதலாவதன் பொறுப்பு. அறுவடையும் பாடல் குழுக்களும் உள்ளூர் நாடகமும் இரண்டாவதன் பங்கு. தணிக்கை இரண்டுக்கும் பொது. எனினும், சொல்லக்கூடியவற்றின் எல்லை குறுகியிருந்த இடத்தில் சொல்லும் மொழியே ஒரு செய்தியாகிவிடும் என்பதை அக்காலம் காட்டியது. 1978இல் குடியரசுக்கென எழுதப்பட்ட புதிய அரசமைப்பு வரைவில், ஜார்ஜியமே அரச மொழி என்ற பழைய விதி விடுபட்டிருந்ததைக் கண்டித்து, ஏப்ரல் 14 அன்று மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் திபிலீசியில் ஊர்வலம் போனார்கள். அப்போது குடியரசின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையில் இருந்த எட்வர்ட் ஷெவர்த்நாட்ஸே கூட்டத்தின் முன் வந்து பேச, விதி திரும்பச் சேர்க்கப்பட்டது. சோவியத் வரலாற்றில் தெருவில் கூடியவர்கள் கேட்டதை அரசு கொடுத்த நிகழ்ச்சிகள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

அந்தப் பின்னணியில்தான் ஜார்ஜியத் தொலைக்காட்சியின் கலை முயற்சிகளை வைத்துப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சிக்கெனவே இயங்கிய திபிலீசிப் படநிலையம் ஒன்று, பெரிய திரைக்குரிய பொறுப்புகள் தன்மீது சுமத்தப்படாத சௌகரியத்தில், குறும்படங்களையும் எள்ளல் படங்களையும் தயாரித்தது. இராக்ளி க்விரிகாட்ஸே 1970இல் எடுத்த ‘க்வெவ்ரி’ அவற்றுள் ஒன்று. மண்ணில் புதைத்து மது புளிக்கவைக்கும் பெருந்தாழிக்கு அங்கே க்வெவ்ரி என்று பெயர். விரிசல் விட்ட தாழியை உள்ளே இறங்கி ஒட்டவைத்தவன் வெளியே வரமுடியாமல் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்கிறான் என்ற பிராந்தெல்லோவின் இத்தாலியக் கதையை அந்தப் படம் ஜார்ஜியக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. 1977இல், சபுவா அமிரெஜிபியின் புகழ்பெற்ற நாவலான ‘தாத்தா தூத்தாஷ்ஹியா’வைத் தழுவி எடுக்கப்பட்ட ஏழு பகுதித் தொடரில், ஜார் மன்னராட்சிக் காலத்தில் சட்டத்துக்கு வெளியே வாழ்ந்த ஒரு மனிதனை ஓதார் மெக்வினெதுகுத்செசி நடித்துக் காட்டினார். ஜார் காலத்து அதிகாரத்தைப் பற்றிய கதையை எழுபதுகளின் பார்வையாளர் எந்தக் காலத்து அதிகாரத்தோடு பொருத்திக்கொண்டிருப்பார் என்பதை விளக்கத் தேவையில்லை. பேரரசின் பணத்தில் இயங்கிய ஒரு நிறுவனம் பேரரசை நம்பாத ஒரு மனநிலையை வளர்த்தது. புரவலருக்கும் புரக்கப்படுபவருக்கும் இடையே இப்படியொரு நழுவல் சாத்தியமாக இருந்ததற்கு, மேலிடத்துப் புரவலருக்கு அந்த மொழி தெரியாது என்பதும் ஒரு காரணம். பின்னாளில் வந்த புரவலர்கள் எல்லாரும் ஜார்ஜியம் நன்கு அறிந்தவர்கள்.

1991இல் நாடு விடுதலை அடைந்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே தலைநகரின் நடுவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்காசியாவிலும் தெற்கு ஒசேத்தியாவிலும் நடந்த மோதல்களில் அரசின் கைப்பிடி தளர்ந்தது. மின்சாரம் ஒரு நாளைக்குச் சில மணிநேரமே வந்த குளிர்காலங்கள் பல கடந்தன. தொண்ணூறுகளின் ஜார்ஜியாவைப் பற்றிப் பேசும்போது தொலைக்காட்சியின் செல்வாக்கை மிகைப்படுத்துவோர், பெட்டி இயங்கவே முடியாத மாலைகள் எத்தனை என்பதை மறந்துவிடுகிறார்கள். 2002 அக்டோபர் 12 அன்றுகூட, திபிலீசியில் நடந்த ஜார்ஜியா – ரஷ்யா கால்பந்து ஆட்டம் அரங்கின் விளக்குகள் அணைந்ததால் பாதியில் கைவிடப்பட்டது. சோவியத் காலம் தொட்டு ஒன்றியம் முழுதும் குரலால் அறியப்பட்டிருந்த நாடக நடிகரும் விளையாட்டு வருணனையாளருமான கோத்தே மகராட்ஸே அந்த ஆட்டத்தின்போது பக்கவாதத்துக்கு உள்ளாகி, அவ்வாண்டு டிசம்பரில் காலமானார்.

அந்த இருண்ட ஆண்டுகளில்தான், திபிலீசிக்குத் தென்கிழக்கே, ஸ்டாலின் காலத்து எஃகு ஆலையைச் சுற்றி எழுந்த ருஸ்தாவி என்ற தொழில் நகரத்தில், எரோசி கிட்ஸ்மரிஷ்விலியும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் 1994இல் ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினார்கள். ‘ருஸ்தாவி 2’ என்ற அதன் பெயர் ஓர் உள்ளூர் நிலையத்தின் அடக்கத்தைத் தாங்கியிருந்தாலும், தலைநகருக்குக் குடிபெயர்ந்த பின் அரசுத் தொலைக்காட்சி சொல்லாத செய்திகளுக்கு மக்கள் நாடும் இடமாக அது வளர்ந்தது. ஊடகப் பயிற்சி அளித்துவந்த இண்டர்நியூஸ் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் அதற்குக் கைகொடுத்தது. 1996இல் அரசு உரிமத்தைப் பறித்தது. நீதிமன்றத்தில் போராடி 1997இல் நிலையம் அதைத் திரும்பப் பெற்றது. அரசை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் ஓர் அலைவரிசை வென்றது என்பது அன்றைய ஜார்ஜியாவில் சிறிய செய்தியன்று. நீதிமன்றம், உரிமம், அலைவரிசை ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும் நிகழ்ச்சிகள் அதன்பின் அந்நாட்டில் பெருகின. அவற்றின் முடிவுகள் பெரும்பாலும் வேறு திசையில் இருந்தன.

ருஸ்தாவி 2இன் எழுச்சிக்கு விலையும் இருந்தது. ‘இரவுக் கூரியர்’ என்ற அதன் செய்தி நிகழ்ச்சியை வழங்கிவந்த, இருபத்தாறு வயதே ஆன கியோர்கி சனாயா 2001 ஜூலை 26 அன்று திபிலீசியில் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரம் திரண்டு அவருக்கு அஞ்சலி செலுத்தியது. மூன்று மாதங்கள் கழித்து, அக்டோபர் 30 அன்று, வரிக்கணக்கைச் சோதிக்க வேண்டும் என்று அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆட்கள் நிலையத்துக்குள் நுழைந்தபோது, நிலையம் அதை அப்படியே நேரலையாகக் காட்டியது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாணவர்கள் தெருவில் நின்றார்கள். அப்போது அதிபராக இருந்த ஷெவர்த்நாட்ஸே நவம்பர் 1 அன்று தம் அமைச்சரவையைக் கலைத்தார். நாடாளுமன்ற அவைத்தலைவர் ஸுராப் ஷ்வானியா பதவி விலகினார். காவலர் வந்து கதவைத் தட்டியதையே நிகழ்ச்சியாக்கி ஓர் அரசாங்கத்தை இறக்க ஒரு தனியார் நிலையத்தால் முடியும் என்பதை ஆள்வோரும் ஆள விரும்புவோரும் ஒருங்கே கற்றுக்கொண்ட நாட்கள் அவை. இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்தது இதன் விரிவாக்கமே. 2003 நவம்பர் 2 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பையும் தன்னார்வலர்கள் தனியே எண்ணிய கணக்கையும் தேர்தல் ஆணையத்தின் அதிகாரபூர்வ எண்களோடு அருகருகே வைத்து ருஸ்தாவி 2 இடைவிடாது காட்டியது; இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாட்டைக் காண எந்த விமர்சகரின் உதவியும் தேவைப்படவில்லை. நவம்பர் 22 அன்று எதிர்க்கட்சித் தலைவர் மிகைல் சாகஷ்விலி கையில் ரோஜாவோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும், மறுநாள் ஷெவர்த்நாட்ஸே பதவி விலகியதும் நாடு முழுதும் பார்த்துக்கொண்டிருக்க நடந்தன. ரோஜாப் புரட்சி என்று வரலாற்றில் இடம்பெற்ற அந்நிகழ்வுக்குப் பின் நிலையம் தன்னை வெற்றி பெற்றவர்களின் அலைவரிசை என்று சொல்லிக்கொண்டது. வெற்றி பெற்றவர்களின் அலைவரிசை ஆட்சியை எப்படி விமர்சிக்கும் என்ற கேள்வியை அந்தக் கொண்டாட்டத்தில் எழுப்பியவர்கள் குறைவு.

விடை விரைவில் கிடைத்தது. 2004இல் கிட்ஸ்மரிஷ்விலியின் கையிலிருந்து நழுவிய பங்குகள் கிபார் கல்வாஷி என்ற தொழிலதிபருக்கும், அவரிடமிருந்து வேறு கைகளுக்கும், இறுதியில் கரீபியத் தீவுகளில் பதிவு செய்யப்பட்ட, உண்மையான உரிமையாளரின் பெயரை வெளியிடாத நிறுவனங்களுக்கும் போயின. நாட்டின் மிகப் பெரிய செய்தி நிலையத்தை வைத்திருப்பவர் யார் என்பதை அந்நாட்டுக் குடிமக்கள் பல ஆண்டுகள் அறியமுடியாதபடி இருந்தது. அத்தகைய மறைவிட நிறுவனங்கள் ஒளிபரப்பு உரிமம் வைத்திருப்பதைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் 2011இல்தான் வந்தது. இதற்கிடையே, ஜார்ஜிய மொழியில் நம்பிக்கை என்று பொருள்படும் ‘இமெடி’ என்ற பெயரில் பெருஞ்செல்வர் பத்ரி பட்டர்கட்சிஷ்விலி நிறுவிய அலைவரிசை, புரட்சிக்குப் பின் அதிபரான சாகஷ்விலியின் எதிர்ப்பாளர்களுக்கு மேடையாயிற்று. 2007 நவம்பர் 7 அன்று தலைநகரில் ஆர்ப்பாட்டக்காரர்களைக் கலகத் தடுப்புப் போலீசார் அடித்து விரட்டிய அதே மாலை, ஆயுதம் தாங்கிய சிறப்புப் படை இமெடிக்குள் புகுந்தது. செய்தி வாசித்துக்கொண்டிருந்த கியோர்கி தர்கமாட்ஸே நடப்பதைப் பார்வையாளருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது. 2001இல் தொலைக்காட்சி நிலையத்துக்குள் ஆட்களை அனுப்பியதற்காக ஓர் அமைச்சரவையைப் பறிகொடுத்தார் ஷெவர்த்நாட்ஸே. தொலைக்காட்சியால் பதவிக்கு வந்தவர் ஆறே ஆண்டுகளில் அதைவிடக் கடுமையாக அதே செயலைச் செய்தார். அவசர நிலை நீடித்த நாட்களில் செய்தி ஒளிபரப்பும் உரிமை பொது அலைவரிசைக்கு மட்டுமே அளிக்கப்பட்டது.

2008 பிப்ரவரியில் பட்டர்கட்சிஷ்விலி இங்கிலாந்தில் இறந்தார். குடும்பத்துக்கும் உரிமை கோரிய மற்றவர்களுக்கும் இடையே வழக்குகள் நடக்க, இமெடி ஆளும் தரப்புக்கு நெருக்கமானவர்களின் கைக்குப் போயிற்று. அதன் விளைவாக 2010 மார்ச் 13 இரவு நேர்ந்ததை ஊடக அறம் கற்பிக்கும் எந்த வகுப்பும் தவிர்க்க முடியாது. ரஷ்யப் படை திபிலீசியை நோக்கி வருகிறது, அதிபர் கொல்லப்பட்டார் என்று, வழக்கமான செய்தி அரங்கிலிருந்து, வழக்கமான செய்தித் தொனியில், ரஷ்யாவோடு நடந்த 2008 ஆகஸ்ட் போரின் காட்சிகளை இடைச்செருகி, ஏறத்தாழ அரைமணி நேரம் அந்த அலைவரிசை ஒளிபரப்பியது. இது கற்பனையான ஒரு சூழல் என்ற குறிப்பு தொடக்கத்தில் சுருக்கமாக வந்தது; நடுவில் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு எந்த அடையாளமும் இல்லை. உண்மைப் போர் முடிந்து இரண்டாண்டுகூட ஆகாத ஒரு நாட்டில், அந்தப் போரின்போது கோரி நகரத்தருகே பொது அலைவரிசையின் செய்தியாளர் ஒருவர் நேரலையில் பேசிக்கொண்டிருக்கையிலேயே குண்டடிபட்டதைப் பார்த்திருந்த மக்களிடம், இப்படியொரு விளையாட்டு காட்டப்பட்டது. தொலைபேசி இணைப்புகள் திணறின. மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். இதைப் பொய்ச் செய்தி என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. எதிர்க்கட்சித் தலைவர்கள் எதிரியோடு சேர்ந்து ஆட்சி அமைப்பதாகவும் அந்தக் கற்பனை சொன்னது. எனவே ஓர் உள்நாட்டு அரசியல் வாதத்தை மக்களின் அச்சத்தின் வழியே நிறுவ முயன்ற செயல் அது.

இவ்வளவுக்கும் நடுவில் பொது அலைவரிசை என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி இயல்பாக எழும். அரசுத் தொலைக்காட்சிக்கும் பொதுத் தொலைக்காட்சிக்கும் உள்ள வேறுபாடு, முன்னது அமைச்சருக்கும் பின்னது குடிமக்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதாகும். 2004 டிசம்பரில் இயற்றப்பட்ட ஒளிபரப்புச் சட்டத்தின்படி பழைய அரசு நிறுவனம் 2005இல் பொதுச்சேவை ஒளிபரப்பு நிறுவனமாக மாற்றப்பட்டது. அதன் முதல் அலைவரிசையும், ‘மொவாம்பே’ என்ற செய்தி நிகழ்ச்சியும், பின்னாளில் அதனோடு இணைக்கப்பட்ட பத்தூமி நகரத்து அஜாராத் தொலைக்காட்சியும் இந்த அமைப்புக்குள் வருவன. ஆட்சியாளர் கோபித்துக்கொண்டு நிதியை வெட்டிவிடக்கூடாது என்பதற்காக, அதன் வரவுசெலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் குறிப்பிட்ட விகிதத்தோடு பிணைக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் அந்த விகிதம் 0.14 விழுக்காடு. ஏட்டளவில் இதைவிடக் கண்ணியமான ஏற்பாட்டை எதிர்பார்க்க முடியாது. ஆனால் நிறுவனத்தை வழிநடத்தும் அறங்காவலர்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருந்தது. நாடாளுமன்றமோ பெரும்பாலும் ஒரே கட்சியின் வலுவான பெரும்பான்மையில் இருந்தது. நிதியைக் கட்சிச் சண்டையிலிருந்து காத்த சட்டம் நியமனத்தைக் காக்கவில்லை. இதன் விளைவு வெளிப்படையான அடிமைத்தனமாக அமையவில்லை. எவரையும் பெரிதாக உறுத்தாத, எவருக்கும் பெரிதாகத் தேவைப்படாத ஒரு மிதவாதமாக அமைந்தது. மாலைச் செய்திக்கு மக்கள் தனியார் நிலையங்களையே நாடினார்கள். ஒரு பொது அலைவரிசைக்கு நேரக்கூடிய தோல்விகளில் பக்கச்சார்பைவிட இது குறைந்ததன்று.

அது சிறந்து விளங்கிய இடங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் ஒளிபரப்பு நிறுவனங்கள் கூடி நடத்தும் யூரோவிஷன் பாடல் போட்டியில் 2007 முதல் ஜார்ஜியா பங்கேற்றது. 2009இல் போட்டி மாஸ்கோவில் நடக்கவிருந்தபோது, ஜார்ஜியா தேர்ந்தெடுத்த பாடலின் வரியில் ரஷ்யத் தலைவரின் பெயர் ஒலிப்பதாகக் கருதி அமைப்பாளர்கள் மாற்றச் சொன்னார்கள். பொது அலைவரிசை மாற்றாமல் விலகிக்கொண்டது. சிறுவர்களுக்கான போட்டியிலோ 2008, 2011, 2016, 2024 என நான்கு முறை வென்றது. பல குரல்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட பண்களில் இணைந்து பாடும் கூட்டிசை மரபு வாழும் நாட்டில் குழந்தைகள் நன்றாகப் பாடுவது வியப்பன்று. இதற்கு மாறாக, ரஷ்ய மொழியில் ஓர் அலைவரிசையை 2010இல் தொடங்கி அண்டை நாட்டவரிடம் பேச முயன்றது அதற்குக் கைகூடவில்லை. தொடங்கிய சில வாரங்களிலேயே ஐரோப்பியச் செயற்கைக்கோள் நிறுவனம் அதற்கு இடம்தர மறுத்தது. 2011இல் புதுப்பிக்கப்பட்ட அந்த முயற்சி 2012இல் ஆட்சி மாறியவுடன் மூடப்பட்டது. வெளியே பேசுவதற்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது உள்ளே காட்டியிருக்கலாம். தெற்கே ஜவகெத்திப் பகுதியில் ஆர்மேனியம் பேசுவோரும், மர்னவுலி வட்டாரத்தில் அஸர்பைஜானியம் பேசுவோரும் செறிந்து வாழ்கிறார்கள். பொது அலைவரிசை அவர்களுடைய மொழிகளில் செய்தி தந்தபோதிலும், செயற்கைக்கோள் குடை வழியே வந்த அண்டை நாட்டுத் திரைகளே நெடுங்காலம் அவர்களுடைய மாலைகளை நிரப்பின. தன் மொழிக்காக 1978இல் தெருவில் இறங்கிய சமூகம், தன் எல்லைக்குள் வாழும் பிற மொழியினரின் திரையைப் பற்றி அதே அளவு கவலைப்பட்டதாகச் சொல்ல முடியாது.

2012இன் தேர்தல் ஆண்டு புரவலர் முறையின் முழு இயக்கத்தையும் சில மாதங்களுக்குள் சுருக்கிக் காட்டியது. ரஷ்யாவில் பொருள் சேர்த்துத் திரும்பிய பெருஞ்செல்வர் பிட்ஸினா இவானிஷ்விலி அரசியலில் இறங்கியபோது, அவருடைய குடும்பத்தின் ஆதரவில் ‘டிவி 9’ என்ற அலைவரிசை தோன்றியது. எதிர்க்குரல் கேட்கும் நிலையங்கள் பல ஊர்களின் கேபிள் தொகுப்பில் இடம்பெறாததால், மக்களுக்குச் செயற்கைக்கோள் குடைகள் வழங்கப்பட்டன. அவை வாக்காளருக்குக் கொடுக்கப்படும் கையூட்டு என்று குற்றம்சாட்டி அதிகாரிகள் குடைகளைக் கைப்பற்றினார்கள். குடிமைச் சமூக அமைப்புகள் போராடியதன் பயனாக, கேபிள் நிறுவனங்கள் எல்லாச் செய்தி அலைவரிசைகளையும் தேர்தல் காலத்தில் கட்டாயம் தொகுப்பில் சேர்க்கவேண்டும் என்ற விதி அக்கோடையில் இயற்றப்பட்டது. செப்டம்பர் 18 அன்று, திபிலீசியின் க்ல்தானி சிறையில் கைதிகள் வதைக்கப்படும் காணொளிகளை டிவி 9, மயெஸ்த்ரோ ஆகிய நிலையங்கள் வெளியிட்டன. இரண்டு வாரத்தில், அக்டோபர் 1 அன்று, சாகஷ்விலியின் கட்சி தேர்தலில் தோற்றது. மறு ஆண்டு ஆகஸ்டில், பிரதமராகிவிட்ட இவானிஷ்விலியின் குடும்பம் தொலைக்காட்சி வைத்திருக்கலாகாது என்ற காரணம் காட்டி டிவி 9 மூடப்பட்டது. காரணம் கேட்கத் தக்கதுதான். ஆனால் அங்கே பணியாற்றியவர்களின் பார்வையில், தேர்தலுக்காக எழுப்பப்பட்ட பந்தல் தேர்தல் முடிந்ததும் பிரிக்கப்பட்டது.

அதன்பின் எதிர்க்கட்சியாகிவிட்டவர்களின் பக்கம் நின்றது ருஸ்தாவி 2. தன்னிடமிருந்து பங்குகள் மிரட்டிப் பறிக்கப்பட்டன என்று கல்வாஷி 2015இல் தொடுத்த வழக்கில் அவ்வாண்டு நவம்பரில் நகர நீதிமன்றமும், 2017 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றமும் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தாலும், 2019 ஜூலை 18 அன்று வழங்கிய தீர்ப்பில் விசாரணை நேர்மையாக நடந்ததா என்ற கேள்வியில் மீறல் இல்லை என்று கூறித் தடையை நீக்கியது. இந்த வழக்கில் இரு தரப்பும் ஓரளவு உண்மையே பேசின என்பதுதான் சங்கடம். புரட்சிக்குப் பிந்திய ஆண்டுகளில் பங்குகள் கைமாறிய விதம் தூய்மையானதன்று. பறிக்கப்பட்டவருக்கு அவற்றைத் திருப்பித் தருவது ஆளும் தரப்புக்கு மிக வசதியாக இருந்ததும் உண்மை. தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்னதாக, ஜூலை 7 அன்று, அந்நிலையத்தின் நிகழ்ச்சியாளர் ஒருவர் ரஷ்ய அதிபரை ரஷ்ய மொழியிலேயே கொச்சையாக வைது நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கினார். ருஸ்தாவி 2இன் அந்தக் கட்டம் இத்தகைய உச்சக் குரலில்தான் முடிந்தது. நீக்கப்பட்ட தலைமை இயக்குநர் நிகா க்வராமியா, சாகஷ்விலி அரசில் அமைச்சராக இருந்தவர், விலகிவந்த செய்தியாளர்களோடு 2019 செப்டம்பரில் ‘மதாவரி’ என்ற புதிய அலைவரிசையைத் தொடங்கினார். அதே அரசின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சரின் முதலீட்டில் ‘ஃபார்முலா’ தோன்றியது. இமெடி பட்டர்கட்சிஷ்விலியின் குடும்பத்துக்குத் திரும்பி, புதிய ஆளும் கட்சியின் உறுதியான குரலாயிற்று. பார்வையாளர் தம் கட்சிக்கேற்ப அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தார். ஒரே நாளில் நடந்தவற்றைப் பற்றி இரண்டு வீடுகளில் இரண்டு வரலாறுகள் ஒளிபரப்பாயின.

இப்பிளவின் சுமை செய்தியாளர்களின் உடலில் இறங்கியது. 2021 ஜூலை 5 அன்று, திபிலீசியில் பாலினச் சிறுபான்மையினரின் பேரணியை எதிர்த்துத் திரண்ட வன்முறைக் கூட்டம் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊடகப் பணியாளர்களைத் தாக்கியது. அடிபட்டவர்களில் ஒருவரான ‘டிவி பிர்வேலி’யின் ஒளிப்பதிவாளர் லெக்சோ லஷ்கரவா ஆறு நாட்களில் இறந்தார். 2022 மே மாதம் க்வராமியா, நிலைய நிர்வாகத்தில் முறைகேடு செய்தார் என்ற குற்றச்சாட்டில் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அதிபர் சலோமே ஸூரபிஷ்விலி 2023 ஜூனில் அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். 2024 நவம்பர் 28 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தையை 2028 வரை ஒத்திவைப்பதாக அரசு அறிவித்ததும் எழுந்த போராட்டத்தில், மக்கள் நாடாளுமன்றத்தின் முன் மட்டும் நிற்கவில்லை; பொது அலைவரிசையின் கட்டடத்தின் முன்னும் திரண்டு, அதிபர் நேரலையில் பேசவும் தங்கள் கோரிக்கைகள் ஒளிபரப்பாகவும் இடம் கேட்டார்கள். எவரும் பெரிதாகப் பார்ப்பதில்லை என்று சொல்லப்பட்ட அலைவரிசையிடம் மக்கள் போய் அதைக் கேட்டது, அதன் பெயரிலிருக்கும் பொது என்ற உரிமையை அவர்கள் கைவிட்டுவிடவில்லை என்பதற்குச் சான்று. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே நிறுவனம், தலையங்கப் போக்கை வெளிப்படையாக விமர்சித்த தன் நிகழ்ச்சியாளர்களைப் பணிநீக்கம் செய்தது.

2025 ஏப்ரல் 1 அன்று நாடாளுமன்றம் ஒளிபரப்புச் சட்டத்தைத் திருத்தி, தொலைக்காட்சி நிலையங்கள் வெளிநாட்டு நிதி பெறுவதைத் தடைசெய்தது. செய்தியின் சமநிலையை மேற்பார்வையிடும் அதிகாரத்தைத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு விரித்தது. சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர்கள் இறையாண்மையைச் சொன்னார்கள். 37 இலட்சம் பேர் கொண்ட சந்தையில், விளம்பரம் தருவோர் ஆட்சியைப் பகைத்துக்கொள்ள அஞ்சும் நிலையில், வெளியிலிருந்து வரும் நிதியையும் அடைத்துவிட்டால் எஞ்சுவது அரசுக் கருவூலமும் பெருஞ்செல்வர்களின் பணப்பையும் மட்டுமே என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். ருஸ்தாவி 2 ஒரு சிறு நகரத்திலிருந்து கிளம்பி வளர்ந்தபோது அதற்குக் கைகொடுத்த வகையான உதவி இனி ஒரு புதிய நிலையத்துக்குச் சட்டப்படி கிடைக்காது.

ஒரு மாதம் கழித்து, 2025 மே 1 அன்று, மதாவரி தன் ஒளிபரப்பை நிறுத்தியது. சிறப்புப் படை எதுவும் வரவில்லை, உரிமம் பறிக்கப்படவில்லை, பங்குதாரர்களுக்குள் பிணக்கு முற்றியது, பணம் தீர்ந்தது.